போட் ஹார்னுக்கு ஒரு விருது

“சேச்சி, கொறச்சு கண்ணு தொடச்சா மதி.”

சொன்னவர் ஒரு டிவி சேனலின் ஃப்ளோர் மேனேஜர். காதில் ஒரு வயர், கையில் ஒரு அட்டை, முகம் முழுக்க அவசரம். கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும் என்கிறார். எதற்கு? மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பாட்டு இல்லை. பாதி விளக்கு இன்னும் போடவே இல்லை. மதியம் மூன்று மணிக்கு, சாம்பார் சாதம் சாப்பிட்ட வயிறோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அழுகை எங்கிருந்து வரும்?

“சும்மா தொடைங்க மாமி. அவங்களுக்கு லேட்டாவுதில்ல?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து முழங்கையால் இடித்தாள் ஜெயந்தி.

துடைத்தேன். கேமரா எடுத்துக்கொண்டது. அடுத்து கைதட்டல். அடுத்து விழுந்து விழுந்து சிரிப்பு. அடுத்து, வாயைப் பிளந்து ஆச்சரியம்... ரேடியோப் பாட்டுகளுக்கான விருது விழா அது. வில்லிங்டன் தீவில் ஒரு பெரிய ஹால். டிவிக்காரர்களின் வழக்கமே இதுதானாம் — விழா தொடங்கும் முன்பே நம் முகங்களை எல்லா உணர்ச்சியோடும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு தேவைப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். இத்தனை வருடமாக டிவியில் யாராவது கண்ணைத் துடைத்தால் கூடவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேனே, என்னை என்ன சொல்ல!

அங்கே எனக்கென்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? நான் சும்மா போகவில்லை ஐயா. விருது கொடுக்கப் போனேன்!

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆறேழு மாதம் முன்பு இதே பக்கத்தில் ஒரு மழைப்பாட்டைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். தமிழ்ப்பாட்டு, சினிமாவில் வராத தனிப்பாட்டு. கொச்சி எஃப்.எம். ஒன்றில் தினமும் காலை எட்டேகாலுக்கு வரும். ‘இந்தப் பாடகியை இருபது வருடமாகக் கேட்கிறேன், இப்படி அவர் பாடியதே இல்லை. குரலுக்கு வயது குறைந்துவிட்டதா?’ என்றெல்லாம் அள்ளிவிட்டிருந்தேன். பாட்டின் நடுவே ஒரு போட் ஹார்ன் வரும். முதல் சரணம் முடிந்து, ஒரு நொடி நிசப்தம், தூரத்தில் ‘பூம்’ என்று ஒன்று. அந்த இடத்தில் என் முதுகுத்தண்டு சிலிர்க்கும். இசையமைப்பாளரின் மேதைமை என்று அதற்கும் ஒரு பத்தி எழுதினேன்.

எழுதியதை எஃப்.எம்.காரர்கள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ‘வருடத்தின் நேயர் விருப்பத் தமிழ்ப்பாட்டு’ என்ற விருதை அந்தப் பாட்டுக்கே கொடுக்கிறோம், பாடகி நேரில் வருகிறார், நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று அழைப்பு. கூடவே இரண்டு பாஸ்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் கழன்றுகொண்டார். “ஏசி ஹாலா? எனக்கு ஒத்துக்காது.” சரி என்று இரண்டாவது பாஸை எடுத்துக்கொண்டு ஜெயந்தி வீட்டுக்குப் போனேன்.

ஜெயந்தி எங்கள் கூவப்பாடத்துத் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வேலை கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில். விடியற்காலையில் போனால் மதியம் வந்துவிடுவாள். மதியத்துக்கு மேல் தோப்பும்படியில் ஒரு மாடி ஸ்டுடியோவில் ட்ராக் பாடுவாள். தமிழ் பேச்சு கணகணவென்று வரும், படிக்க மட்டும் வராது. பள்ளிக்கூடம் எல்லாம் மலையாளம். அதனால் என் பத்தியை அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவது வழக்கம். மழைப்பாட்டுக் கட்டுரையையும் வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு. அவள் கப்பைக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நல்லாருக்கு மாமி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது பாஸை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “மாமி, ஒண்ணு சொல்லட்டா? யாருகிட்டயும் மிண்டக் கூடாது, கேட்டோ.”

“சொல்லு.”

“ரேடியோவுல வர்ற அந்தப் பாட்டு... அது நான் பாடினதாக்கும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அங்கேயே, அடுப்படியில் நின்றபடி, இரண்டாவது சரணத்தை எடுத்தாள். ஐயோ! அதே குரல். அதே வழுக்கல், அதே குழைவு. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ட்ராக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு... பெரிய பாடகர்கள் வருவதற்கு முன், மெட்டில் வார்த்தை எப்படி உட்கார வேண்டும் என்று காட்ட வேறொருவரைப் பாட வைத்துப் பதிவு செய்வார்கள். பெரியவர் அதைக் காதில் கேட்டுக்கொண்டு தன் குரலில் பாடுவார். பிறகு முதல் குரலை எடுத்துவிடுவார்கள், கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல.

இங்கே சாரம் நின்றுவிட்டது. கட்டடம்தான் காணோம்! மழை தொடங்குவதற்குள் ரேடியோவில் வர வேண்டும் என்று அவசரம். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ட்ராக்குக்கும் முழுப் பாட்டுக்கும் ஒரே பெயர். இசையமைப்பாளர் தப்பான ஃபைலை எஃப்.எம்.முக்கு அனுப்பிவிட்டார். அந்த ஹார்ன்? மேதைமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தோப்பும்படி ஹார்பருக்குத் திரும்பும் மீன்பிடி போட் அடித்த ஹார்ன். ஸ்டுடியோ ஜன்னல் முந்தைய வருட மழையில் உப்பிப்போய்ச் சரியாகச் சாத்த வரவில்லை. இன்னொரு தடவை பாடவா என்று ஜெயந்தி கேட்டிருக்கிறாள். “ட்ராக்குதானே, போதும்” என்று இசையமைப்பாளர் விட்டுவிட்டாராம்.

“நீ அந்த ஆள்கிட்ட சொல்லலையா?”

“சொன்னேன் மாமி. ரேடியோவுல கேட்ட அன்னிக்கே விளிச்சுச் சொன்னேன். மாத்திடறேன்னார். அதுக்குள்ள பாட்டு ஹிட்டாயிடுச்சு. எல்லாரும் அந்த ஹார்னைக் கேட்டே விளிக்கிறாங்க. அப்புறம் எங்க மாத்த?”

போனில் இறக்கிக் கேட்டால் பாடகி பாடிய சரியான பாட்டு, அதில் ஹார்ன் வராது. ரேடியோவில் கேட்டால்தான் வரும். எஃப்.எம்.காரர்கள் சேர்த்த சத்தம் போலிருக்கிறது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, மேதைமை என்று எழுதிய என்னைத் தவிர. ஆக, ஒரு வருடமாக ஜெயந்தி ஆபீஸ் ரேடியோவில் தன் குரலைக் கேட்கிறாள். பாட்டு முடிந்ததும் ‘பாடியவர்’ என்று வேறொருவர் பெயரைக் கேட்கிறாள். போதாக்குறைக்கு நான் வேறு அவள் வீட்டுக்கே போய், அவள் குரலை இன்னொருத்தியின் குரல் என்று புகழ்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்! எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே... காதெல்லாம் சுட்டது.

“மேடையில நான் சொல்றேன்டி. மைக் என் கையில. போட்டு உடைக்கறேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாம் மாமி! ட்ராக் பாடறவ வாயைத் தொறந்தா அப்புறம் ஒருத்தனும் விளிக்க மாட்டான். பாடறது நின்னா எனக்கு வேற என்ன இருக்கு? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். வாழ்க்கையில் நான் செய்த சத்தியங்களிலேயே கஷ்டமானது அதுதான். என் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

விழாவுக்கு வருவோம். அழுகை, சிரிப்பு எல்லாம் எடுத்து முடித்து நிஜ விழா தொடங்கியது. ஒவ்வொரு விருதாகப் போய், நம் விருது. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தொகுத்து வழங்கியவன் எஃப்.எம்.மின் காலை நேர ஆர்.ஜே. நிகில். மணி மாதிரி குரல், மூச்சு விடாத பேச்சு. பாடகியும் மேடைக்கு வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள். மலையாளத்திலும் தமிழிலும் எத்தனையோ பாடிய மூத்தவர், கொச்சி ரேடியோ எட்டாத ஊரில் இருப்பவர். ஷீல்டை அவர் கையில் கொடுத்தேன். என் சிரிப்பு எனக்கே கசந்தது. கீழே ஆறாவது வரிசையில் பச்சைப் புடவையில் ஜெயந்தி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சேச்சி, ரெண்டு வரி!” என்றான் நிகில்.

பாடகி பாடினார். குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பாடினார். முதல் சரணம் முடிந்தது. அந்த ஒரு நொடி நிசப்தம்... வாத்தியக்காரர்கள் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டார்கள்.

“ஹார்ன்!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஹார்ன் எவிடே?” என்றது இன்னொன்று. அப்புறம் ஹாலே சேர்ந்து ஹார்ன், ஹார்ன் என்று கத்தத் தொடங்கிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்துக் கத்தவில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஃப்ளோர் மேனேஜருக்கே ஒன்றும் புரியவில்லை.

பாடகி மைக்கை இறக்கினார். சிரித்தபடிதான் கேட்டார். “ஹார்னோ? அது எனக்கு அனுப்பின ட்ராக்குல இருந்ததல்லவா! உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?”

பாவம் நிகில், அவனுக்கு ஒன்றும் தெரியாது. “தெரியாமலா சேச்சி? தினமும் போடறோமே!” என்று உற்சாகமாகச் சொல்லி, ரேடியோவில் போடும் பாட்டையே ஹாலில் ஓடவிட்டான்.

ஓடியது. நான் பாடகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியில் சிரிப்பு இருந்தது. இரண்டாம் வரியில் தலையைச் சாய்த்தார். மூன்றாம் வரியில் சிரிப்பு போய்விட்டது. ஹார்ன் வந்தது. ஹால் கைதட்டியது. அவர் தட்டவில்லை.

“இது நான் பாடினதில்லை” என்றார். மைக்கில். “யாராக்கும் இது?”

எனக்கு நாக்கின் நுனியில் நிற்கிறது பெயர்! பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தியம் பண்ணித் தொலைத்தேனே! முன்வரிசையிலிருந்து இசையமைப்பாளர் எழுந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் குரலில் ஒரு அசட்டுத் தைரியம்.

“சேச்சி, அது உங்க குரல்தான். மிக்ஸிங்ல கொஞ்சம் எஃபெக்ட் போட்டிருக்கு, அவ்வளவுதான்.”

அப்போதுதான் ஆறாவது வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

“எஃபெக்ட் இல்ல சார்” என்றாள் ஜெயந்தி. மைக் இல்லை. ஆனால் அவள் குரலுக்கு மைக் எதற்கு? “ஜெயந்தி.”

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் நடுங்கவில்லை. உட்காரவும் இல்லை. சத்தியம் வாங்கியவளே எழுந்து நின்றுவிட்டாள், இனி எனக்கென்ன என்று மேடையிலிருந்து நானும் கத்தினேன். “அவதான்! அவதான் பாடினது!” கத்தினேன் என்றால் கத்தினேன், வாசகர்களே.

பாடகி கையை நீட்டினார். “இங்கோட்டு வா மோளே.”

ஜெயந்தி படியேறி வந்தாள். “பாடு” என்றார் பாடகி. வாத்தியம் எதுவும் இல்லாமல் முதல் சரணத்தைப் பாடினாள். முடித்து, ஒரு நொடி நிறுத்தினாள். அப்போது நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்... ஹாலில் இருந்த அத்தனை பேரும் வாயாலேயே ‘பூம்ம்ம்’ என்றார்கள். கிழவர்கள், குழந்தைகள், வாத்தியக்காரர்கள், ஃப்ளோர் மேனேஜர் உள்பட. இரண்டாவது சரணத்தில் பாடகியும் சேர்ந்துகொண்டார். நான் அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு கேமராவும் என் பக்கம் இல்லை.

பாடகி ஷீல்டை ஜெயந்தி கையில் வைத்தார். நிகிலைப் பார்த்து, “நாளை முதல் ரேடியோவுல இந்தக் குட்டியோட பேரைச் சொல்லணும்” என்றார். “சொல்றேன் சேச்சி, சத்தியமா” என்றான் அவன். மேடையை விட்டு இறங்கியதும் ஷீல்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் மேடையில் கொடுப்பது ஒரே ஷீல்டுதானாம், பெயர் பொறித்தது பிறகு வீட்டுக்கு வருமாம். யார் பெயரைப் பொறித்து, யார் வீட்டுக்கு? அதை யாரும் சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது பாலத்தின் மேல் ஜெயந்தி கேட்டாள். “மாமி, தப்புப் பண்ணிட்டேனோ?”

“எதுக்குடி எழுந்தே? நீதானே வேண்டாம்னே?”

“வேற ஆளு பேரைச் சொன்னாக்கூடப் பொறுத்துக்கிட்டேன் மாமி. ஒரு வருஷம் பொறுத்தேனே. என்னை எஃபெக்ட்னு சொன்னா எப்படி?”

அதற்குப் பிறகு எட்டு நாள். தினமும் காலை எட்டேகாலுக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டே வரவில்லை! ஒரு வருடமாக ஒரு நாள் விடாமல் வந்த பாட்டு. நிகில் கொடுத்த வாக்கு காற்றோடு போய்விட்டதா? ஸ்டுடியோவிலிருந்தும் ஜெயந்திக்கு ஒரு கால்கூட வரவில்லை. மதியங்களில் அவள் வாசலில் நின்று மீன்காரரிடம் தேவையில்லாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பாட வேண்டிய நேரம் அல்லவா அது? எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. இரண்டாவது பாஸை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது.

போன ஞாயிறு மதியம் டிவியில் விழா. எங்கள் வீட்டு ஹாலில் தெருவே கூடிவிட்டது. பாய் விரித்து, சாயா போட்டு, பழம்பொரி வரவழைத்து... ஜெயந்தி அதே பச்சைப் புடவையில் வந்தாள், புருஷனோடு.

முதல் அடி எனக்கு. ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரப் பாட்டுக்கு விருது. அதற்கு நடுவில் பளிச்சென்று என் முகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு!

“ஏண்டி, எண்ணெய்க்காடி இப்படி அழுதே?” என்றார் வீட்டுக்காரர். தெருவே உருண்டு புரண்டு சிரித்தது. ஜெயந்திதான் சத்தமாகச் சிரித்தாள்.

அடுத்து எங்கள் விருது. நான் வந்தேன், பாடகி வந்தார், ஷீல்டு கொடுத்தேன், கைதட்டல். கட். பெயின்ட் விளம்பரம். விளம்பரம் முடிந்தால் வேறு விருது.

அவ்வளவுதானா? ஆமாம், அவ்வளவுதான். ஹார்ன் இல்லை, ஆறாவது வரிசை இல்லை, ஆயிரம் வாய் சேர்ந்து அடித்த ‘பூம்’ இல்லை. எங்கள் ஹாலில் பழம்பொரித் தட்டை யாரோ நகர்த்தினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை எடுத்து எறிந்தேன். பேட்டரி எங்கோ போய் விழுந்தது.

“விடுங்க மாமி” என்று ஜெயந்தி குனிந்து பேட்டரியைத் தேடினாள். “அங்க இருந்தவங்களுக்குத் தெரியுமில்ல.”

திங்கட்கிழமை. எட்டேகால். பழக்க தோஷத்தில் ரேடியோவைப் போட்டேன். நம்பிக்கை எதுவும் இல்லை. நிகிலின் குரல்.

“டிவியில விழா வர்ற வரைக்கும் இந்தப் பாட்டைப் போட வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. நேத்து வந்துடுச்சு. நான் கொடுத்த வாக்கு ஒண்ணு பாக்கி இருக்கு.” பாட்டு தொடங்கியது. குரல் வந்தது. ஹார்ன் வந்தது. முடிந்ததும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னான். “பாடியவர், மட்டாஞ்சேரி ஜெயந்தி.”

நான் வாசலுக்கு ஓடினேன், கையில் தோசைக் கரண்டியோடு. தெருவில் எத்தனை வீட்டு ரேடியோ பாடியது தெரியுமா! அவள் வேலைக்குப் போயிருப்பாளே, கேட்டிருப்பாளா? போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

மதியம் அவளே வந்தாள். ஆபீஸில் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் நின்று கேட்டார்களாம். சூப்பர்வைசர் சாயா வாங்கிக் கொடுத்தாராம். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இந்தத் தடவை யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

“போன் ஏண்டி எங்கேஜ்டாவே இருந்தது?”

“அவர்தான் மாமி, மியூசிக் டைரக்டர். பாட்டு முடிஞ்ச அடுத்த நிமிஷம் விளிக்கிறார். புதுப்பாட்டு ஒண்ணாம். தோப்பும்படி ஸ்டுடியோதானாம். அந்த போட் எத்தனை மணிக்கு வரும், ஜன்னலைத் திறந்து வைக்கலாமான்னு கேக்கறார்!”

ஒரு வருடம் ஓடி, ஒரு விழா முடிந்து, அந்த மனிதருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

“நீ என்ன சொன்னே?”

ஜெயந்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஹார்ன் வேணும்னா போட்டுக்காரர்கிட்ட கேளுங்க சார், பாட்டு வேணும்னா என் பேரைப் போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

பேரைப் போடுகிறாராம். நாளை மதியம் ரெக்கார்டிங்!